சொன்னதைச் செய்யும் கை

“செபியார்” என்றாள் கல்பனா.

படுக்கையில் கிடந்தவனின் வலது கை விரிப்பின் மேல் மெல்ல முன்னால் போனது. நின்றது. பிறகு போன வழியே திரும்பி வந்தது.

“பாத்தீங்களா பெரியப்பா? இழைக்கிறாரு. செபியார்னா இழைக்கிறது. நான் சொன்னது அவருக்குக் கேக்குது.”

பாலையா பார்த்தார். அவர் கல்பனாவின் மாமியார் செல்லியம்மாவின் தம்பி. விஜயபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் ஐசியூவுக்குள் வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் வாய் சும்மா இருந்தது. அதில் அவருக்கு எரிச்சல்.

“கோழிய அறுத்துப் போட்டா கூட காலு ஆடும்மா. அதுக்குன்னு கோழி நடந்துகினு கீதுன்னு சொல்லுவியா?”

“அது துடிப்பு. இது வேல. நல்லா பாருங்க. லிஹார்!”

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த ரமணா, கை அசைவதற்கு முன்பே உள்ளங்கையைப் பார்த்தான். அது விரிந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியது. விரிப்பின் மேல் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது. உப்புத்தாளைப் பிடித்து மரத்தைத் தேய்க்கிற கை அப்படித்தான் போகும். தவறே இல்லை.

கிடந்தவன் ரமணாவின் அண்ணன் நாகபூஷணம். திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கட்டிக்கொண்டிருந்த புது லாட்ஜில் ஜன்னல் சட்டம் மாட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தான். அன்று மூடிய கண் இன்னும் திறக்கவில்லை. வாயில் குழாய். பக்கத்தில் இருந்த மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சின்ன டாக்டர் காலையில் வந்து, “செய்யி எத்து, செய்யி எத்து” என்று கையைத் தூக்கச் சொல்லித் தெலுங்கில் பல தடவை கத்திப் பார்த்தார். கை எழவில்லை. ஸ்பானிஷில் வேலையின் பேரைச் சொன்னால் கை அதைச் செய்கிறது என்றாள் கல்பனா. அவர் சிரிக்கவில்லை. ‘எனக்கு அந்தப் பாஷை தெரியாதம்மா. சொன்ன வார்த்தைக்குச் சரியான வேலையைத்தான் கை செய்கிறது என்று உன்னைத் தவிர இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். அப்படிச் சொன்னால் மெஷினை எடுக்காமல் இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் உங்கள் இஷ்டம்’ என்றார்.

அதற்காகத்தான் இருவரையும் அவள் உள்ளே இழுத்து வந்திருந்தாள்.

“உனக்கு மட்டும் தெரிஞ்ச பாஷைய வெச்சிகினு நீ சொல்றத எல்லாம் நாங்க நம்பணுமா?” என்றார் பாலையா. ரமணா பக்கம் திரும்பினார். “டேய், நீயும் அந்த ஸ்பெயின் ஏஜெண்டாண்ட போனவன்தான? இவ சொல்றது நெசமா?”

“அவன எதுக்குக் கேக்கறீங்க? அந்தப் பேப்பர வாங்கின அன்னிக்கே கசக்கிப் போட்டவன் அவன். அவனுக்கு இன்னா தெரியும்?”

ரமணாவுக்கு எல்லாமே தெரியும்.

ஸ்பெயினில் ஏதோ மர பேக்டரிக்கு ஆள் வேண்டும் என்று ஏஜெண்ட் வந்தபோது அண்ணன் தம்பி இருவருமே பேர் கொடுத்தார்கள். சென்னையில் பரீட்சை. வெள்ளைக்காரன் ஒரு வார்த்தை சொல்வான். கையில் உளி, ரம்பம் எதுவும் இல்லாமல் அந்த வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஏஜெண்ட் கொடுத்த தாளில் இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் இங்கிலீஷ். இருவருக்கும் இரண்டும் ஒன்றுதான். கல்பனா இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ‘எனக்கும் சேத்துச் சொல்லிக் குடு அண்ணி’ என்று ரமணா கேட்டான். ‘ஒரு ஊட்டுல ஒருத்தரத்தான் எடுப்பாங்களாம். உனக்குச் சொல்லித் தர ஆள் வேணும்னா நீயும் போயி ஒருத்தியக் கட்டிக்க’ என்றாள். தாளைக் கசக்கி அவள் எதிரிலேயே போட்டது அப்போதுதான்.

ஆனால் திருப்பதியில் அவர்கள் வாடகைக்கு இருந்தது ஒரே அறை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் நடுவில் பிளைவுட் தட்டி அடித்தது ரமணாதான். சாப்பிட்டுப் படுத்ததும் அந்தப் பக்கம் பாடம் நடக்கும்.

“செர்ரார்னா இங்கிலீஷ்ல ‘சா’, பாத்தேன்னு போட்டுகீதுய்யா. செபியார்னா ஏரோப்ளேன். லிஹார்னா ‘சேண்ட்’, மணலு. தச்சு வேலைக்குக் கூப்புடறானா, பீச்சுக்குக் கூப்புடறானா?”

அண்ணன் சிரித்த சிரிப்பில் தட்டி அதிர்ந்தது. “அடியே, ப்ளேனர், சேண்டர்னு மிஷின் பொட்டி மேல போட்டிருக்கும் பாரு, அதுடி. இழைக்கிறது, தேய்க்கிறது. அப்ப செர்ரார்னா அறுக்கறதா இருக்கும்.”

அவள் சொல்லுவாள், அவன் கை காற்றில் வேலை செய்யும். தட்டிக்கு இந்தப் பக்கம் ரமணாவின் கையும் செய்யும். சில வார்த்தைகளுக்கு அண்ணன் தயங்குவது கேட்கும்; ரமணாவின் கை அதற்குள் செய்து முடித்திருக்கும். பாடம் முடிந்து அவர்கள் குரல் தாழ்ந்த பிறகும் அவன் தட்டியிலிருந்து காதை எடுத்ததில்லை.

அண்ணன் தேர்வாகி, விசாவுக்குக் காத்திருந்தான். ரமணாவை ஏஜெண்ட் கூப்பிடவே இல்லை.

இப்போது தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எப்படித் தெரியும் என்பது. மாமா கேட்பார். அம்மா கேட்பாள். இவளுக்குக் கேட்கவே தேவையிருக்காது.

“எனக்குத் தெரியாது மாமா” என்றான்.

கல்பனா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எதிர்பார்த்த பதில்தான். அதுவும் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

வராந்தாவில் செல்லியம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வெளியே வந்ததுமே எழுந்துகொண்டாள்.

“இன்னாடா ஆச்சி? மூச்சு கீறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிடணும். உங்க நைனா இதே திருப்பதி பஸ் ஸ்டாண்டுல செத்தாரு. வெளிய செத்த பொணம்னு ஊருக்குள்ள உட்டாங்களா? புளியமரத்தடியில போட்டு, அப்டியே எடுத்தாங்க. அந்த ஆளு கட்டின ஊட்டுக்குள்ள அந்தாளு பொணம் வரல. எம் புள்ளயயும் ரோட்ல போட்டு எடுக்க உட மாட்டேன்.”

“உயிரோட கீறவர பொணம்னு சொல்றியே, நீ பெத்தவதானா?” என்றாள் கல்பனா.

“பெத்ததுனாலதான்டி கேக்கறேன். நீ அவங்கிட்ட ரெண்டு வார்த்த தமிழ்ல பேசனியா? விழுந்த நாள்ல இருந்து காதுல கூச்சாரு, கீச்சாருன்னு ஓதிகினு கீற. ஊர உட்டு ஓட்டணும்னுதான உனக்கு. இப்ப உலகத்த உட்டே ஓட்டிட்ட.”

“அத்தை, வாய அடக்கு.”

“நீ அடக்குடி.”

நர்ஸ் வந்து இருவரையும் வெளியே போகச் சொன்னாள். மெஷினை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளில் கையெழுத்துப் போடக் கல்பனா வரவில்லை. தம்பி போட்டால் போதும் என்று பாலையா பேசி முடித்தார். டாக்டர் பேனாவைக் கொடுப்பதற்கு முன் ரமணாவைப் பார்த்தார்.

“நீங்க பாத்தீங்களா? கை?”

“பாத்தேன் சார். ஒண்ணுமில்ல. சும்மா ஆடுது.”

ஆம்புலன்ஸில் மெஷின் இல்லை. வாயிலிருந்த குழாயின் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி ரமணாவின் கையில் கொடுத்தார்கள். ‘நீ மூச்சு உடற மாதிரியே அமுக்கு. அவசரப்படாத, தூங்கிடாத’ என்றான் வார்டு பையன். புத்தூர் தாண்டி, நகரி தாண்டி, வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தான். அண்ணனின் மார்பு அவன் அமுக்கும்போதெல்லாம் ஏறியது. எதிரே கல்பனா கணவனின் கையைப் பிடித்தபடி இருந்தாள். ரமணாவை ஒரு பம்ப் செட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

ஊர் வீட்டில் நடு அறையைக் கழுவிப் பாய் போட்டு வைத்திருந்தார்கள். இறக்கிப் படுக்க வைத்ததும் டிரைவர் குழாயை உருவினான். பையைச் சுருட்டினான். “இது ரிட்டர்ன் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெண்கள் மூக்கை முந்தானையில் பொத்திக்கொண்டு தயாராக நின்றார்கள். செல்லியம்மா மகனின் உதட்டை விலக்கிப் பால் விட்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது. எல்லோரும் மார்பைப் பார்த்தார்கள்.

அது ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

மதியமாயிற்று. நாகபூஷணம் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நகரியிலிருந்து வந்த மாலைகள் வாசலில் ஈரத்துணி போட்டுக் கிடந்தன. மேளக்காரர்கள் தண்ணீர் டேங்க் அடியில் சீட்டாடிக்கொண்டு, டீ எப்போது என்று ஆள் அனுப்பினார்கள். பாலையா செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“இன்னும் இல்லப்பா... கீறான், கீறான்... நீ கெளம்பு, நீ வர்றதுக்குள்ள ஆயிடும்... அட, அத எப்டிப்பா டைம் சொல்றது, பஸ்ஸா அது?”

கல்பனா தலைமாட்டில் உட்கார்ந்து அவ்வப்போது குனிந்து ஒரு வார்த்தை சொன்னாள். செர்ரார். கை அறுத்தது. கிளவார். முஷ்டி மடங்கி, ஆணி அடிக்கிற மாதிரி ஒரு தடவை பாயில் இறங்கியது. யாருக்கும் அவள் எதையும் விளக்கவில்லை. “மந்திரம் போட்டு உசுர இழுத்துப் புடிச்சிகினு கீறா” என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

ரமணா எழுந்து வெளியே போனான். “மாமா, மூச்சுதான் நல்லா வருதே. ஒரு வண்டி சொல்லுங்க, நகரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்.”

பாலையா போனைப் பொத்திக்கொண்டார். “காத்தால கையெழுத்து யாருடா போட்டது, நானா? சொந்தக்காரங்க எல்லாம் வந்து குந்திகினு கீறாங்க. நீ வேற. போயி டீக்கு இன்னா ஆச்சின்னு பாரு.”

டீயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அண்ணனின் வலது கைப் பக்கமாக உட்கார்ந்தான்.

வெயில் இறங்க இறங்கக் கை தடுமாறியது. தலத்ரார் என்றாள். துளை போட மணிக்கட்டு திருகியிருக்க வேண்டும். அது இழைத்தது. “ஆங், அப்டித்தான்” என்றாள் கல்பனா உரக்க. ரமணா நிமிர்ந்து பார்த்தான். கை தப்பாகச் செய்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வார்த்தைக்கு இரண்டு விரல்கள் மட்டும் அசைந்தன. அதற்கும் “சரி” என்றாள். அதன் பிறகு சொன்னதற்குச் சுண்டுவிரல் மட்டும். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் நாகபூஷணம் தோற்றுக்கொண்டிருப்பது இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போனது. பாலையா குனிந்து மூக்கருகே புறங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“ஆச்சி” என்றார்.

“ஆவல” என்றாள் கல்பனா. “இருங்க. யாரும் அழாதீங்க, சத்தத்துல அவருக்குக் கேக்காது.” கணவனின் காதோடு வாயை வைத்தாள். “லிஹார்.”

ரமணா கையையே பார்த்தான். உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது. எந்த விரலும் அசையவில்லை.

“லிஹார்யா. லிஹார்.”

கை கிடந்தது.

“தோ பண்ணாரு” என்றாள். “பாத்தீங்க இல்ல? எல்லாரும் பாத்தீங்க இல்ல?”

செல்லியம்மா, “உட்டுடுடி அவன. உட்டுடு” என்றாள். அந்தக் குரலில் சண்டை இல்லை. கல்பனா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எல்லோரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் ரமணாவின் முகத்துக்கு வந்தாள். அங்கே எதுவும் இருக்காது என்பது போலக் கடந்து போனாள்.

“பண்ணாரு” என்றான் ரமணா. “நானும் பாத்தேன். தேய்ச்சாரு.”

பாலையா குழம்பிப் போய் மறுபடியும் புறங்கையை மூக்கருகே கொண்டுபோனார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் எதையோ கேட்டாள்.

கல்பனாவின் தலை மெல்லத் திரும்பியது. முதலில் அந்த முகத்தில் நன்றி மாதிரி ஏதோ இருந்தது. அப்புறம் அது போய்விட்டது. லிஹார் என்றால் தேய்ப்பது என்று அவனுக்கு அவள் சொன்னதே இல்லை.

“தேய்ச்சாரா?” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். “காத்தாலயும் தேய்ச்சாரா?”

அவன் குனிந்து அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்தான்.

செல்லியம்மாவின் ஓலம் அறையை நிறைத்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். யாரோ மேளக்காரர்களைக் கூப்பிட ஓடினார்கள். பாலையா பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக ஓரத்தில் ஒரு நாடா கிழித்து நீட்டினார்.

“டேய் ரமணா, கூடப் பொறந்தவன் நீ. கட்டுடா.”

ரமணா கை நீட்டினான். நடுவிலிருந்த கல்பனா அந்த நாடாவை வாங்கினாள். நீட்டிய கையைத் தாண்டிக் கொண்டுபோய், அதைப் பாலையாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்களே கட்டிடுங்க பெரியப்பா” என்றாள்.