எட்டு ஸ்பிரிங்கும் என் செருப்பும்

தரைப் பலகையைத் தூக்கியதும் முதலில் நாற்றம் வந்தது. அப்புறம்தான் எலி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் கேபிள் கட்டுக்குப் பின்னால் போயிற்று.

"சர்வர் ரூம்ல எலி இருக்குன்னு சொல்லவே இல்லையே, மச்சான்."

"எலி எங்கதான் இல்ல, மாமா" என்றான் என் மனைவியின் தம்பி. அந்தக் கட்டடத்தின் மேற்பார்வையாளன். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்புகள் எல்லாம் அந்த அறை வழியாகத்தான் போகும். ஆள் உயரத்துக்கு மேல் நான்கு சர்வர் ரேக்குகள். நான்கையும் ஒரே இரும்புச் சட்டத்தின்மேல் நிறுத்தி, அந்தச் சட்டத்தை எட்டு ஸ்பிரிங்குகளின்மேல் உட்காரவைத்து, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு வடிவமைத்தவன் அடியேன். தரை எவ்வளவு குலுங்கினாலும் ஸ்பிரிங் அதை வாங்கித் தின்றுவிடும். ரேக் மெல்ல ஆடி அடங்கும், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. என் போனைத் திறந்தால் மனைவி படம் வராது, அந்த ஸ்பிரிங்கின் படம்தான் வரும். அவள் அதைப்பற்றிக் கேட்பதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.

பக்கத்து மனையில் புதுக் கட்டடம் வருகிறது. கான்கிரீட் தூண்களைப் பூமிக்குள் அடித்து இறக்கப் போகிறார்கள். அன்று காலை சோதனைக்காக ஒரே ஒரு அடி அடித்தார்கள். என் ஸ்பிரிங்குகள் எதையும் தின்னவில்லை. இரண்டு டிஸ்க்குகள் செத்தன, கணவருக்காகக் கூப்பிட்ட ஓர் அம்மாளின் அழைப்பு பாதியில் அறுந்தது. அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். அவருடைய கணவருக்கு வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததால்தான் நான் இதை இந்தத் தொனியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து நிமிஷத்துக்கு முப்பது அடி விழும். அறை தாங்குமா தாங்காதா என்று மாலை ஐந்துக்குள் நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாங்காது என்றால் பக்கத்து வேலை நிற்கும்.

"ஸ்பிரிங்கு நம்ம சரக்கு" என்றார் எங்கள் முதலாளி, போனில். "நம்ம வாயாலயே குறைன்னு வரக்கூடாது. வேற எதாவது காரணம் இருக்கும், தேடுங்க."

தேடுவதென்றால் குப்புறப் படுக்க வேண்டும். படுத்தேன். ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீரும் வருஷக்கணக்கான தூசியும் கலந்து கறுப்புக் களியாகிக் கிடந்தன. என் முழங்கை அதில் வழுக்கிக்கொண்டு போய், பச்சை பூத்த பாதி ரொட்டியில் நின்றது. பக்கத்தில் தின்றுவிட்டுத் தள்ளிய பொட்டலங்கள், எலி கடித்த காகிதம், மென்று ஒட்டிய ஏதோ ஒன்று. அதன்மேல் யாருடைய பல் தடமோ தெளிவாக இருந்தது. உயிர் காக்கும் அறையின் அடிவயிறு இது.

டார்ச்சை அடித்தேன். முதல் ஸ்பிரிங் சுருங்கவே முடியாதபடி, அதன் மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை அடித்து இறுக்கியிருந்தது. இரண்டாவதிலும் கட்டை. எட்டிலும் கட்டை. தரையில் விழுகிற அடி அப்படியே ரேக்குக்கு ஏற, ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"எந்தப் பிசாசு பண்ண வேலை இது?"

தலையைத் திருப்பினால் மைத்துனனின் ஷூ மட்டும் தெரிந்தது. ஒரு ஷூ இன்னொன்றின்மேல் ஏறி நின்றது. சின்ன வயதில் அக்காவிடம் மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான் நிற்பானாம்.

"பெரிய அதிகாரி ஒருத்தர் வந்தாரு, மாமா. போன் பேசிக்கிட்டே ரேக்குல சாய்ஞ்சாரு. அது ஆடிச்சு. 'இது என்ன, ஊஞ்சலா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு."

"அது ஆடத்தாண்டா செய்யணும். ஆடுறதுக்குத்தாண்டா அதை நான் கட்டுனேன்."

"எனக்கு யாரு சொன்னா?"

நான் சொல்லியிருக்கிறேன். அவன் வீட்டில், சாப்பாட்டு மேசையில், ஒன்றரை மணி நேரம். அவன் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனுக்காகச் சொல்லவில்லை, என் காது குளிரச் சொன்னேன். ரேக்குமேல் ஒரு வரி எழுதி ஒட்டத் தோன்றவில்லை.

வந்த ஆத்திரத்தில், அவன் பெயரை அறிக்கையில் எந்த இடத்தில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் ஐந்தாவது ஸ்பிரிங்கைப் பார்த்தேன். கட்டை போதாமல் ரப்பர்த் துண்டுகளை வெட்டிச் சொருகியிருந்தார்கள். ஒரு துண்டில் நீல வார். வாரில் செம்புக்கம்பி போட்ட தையல். அந்தத் தையலைப் போட்டவன் நான். அது என் செருப்பு.

போன வருஷம் மழைக்கு முன்னால் வாசலில் காணாமல்போன செருப்பு. எதிர்வீட்டு நாய்தான் தின்றதென்று தெருவையே கூட்டினேன். அந்த நாய் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பிஞ்சு போனதுன்னு நெனச்சு எடுத்துட்டு வந்தேன், மாமா."

மழைக்கு முன்னால். நான் போன முறை ஆய்வுக்கு வந்தது மழைக்குப் பின்னால். முழங்கை அந்த ரொட்டியில் இருக்க, அப்படியே கிடந்தேன். அன்று பலகையை ஓர் அங்குலம் தூக்கினேன். நாற்றம் மூக்கில் அடித்தது. பலகையைப் போட்டுவிட்டு, 'எட்டும் சரி' என்று எழுதிவிட்டு, வெளியே போய் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

"நீங்க வந்து சரின்னு எழுதுனீங்க" என்றான் மைத்துனன். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. "மாமாவே பாத்துட்டாரு, அப்ப நாம வெச்சது தப்பில்லன்னு நெனச்சேன். தைரியமா இருந்தேன்."

அதன்பிறகு ரொட்டி அவ்வளவு அருவருப்பாகத் தெரியவில்லை.

பக்கத்து ஹாலில் அழைப்புகளை எடுக்கும் பெண்மணியிடம் போய், ஒரு மணி நேரத்துக்கு வேறு மையத்துக்கு மாற்றிவிடச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்தார்.

"எதுல விழுந்தீங்க?"

"என் வேலையிலதான்."

"கை குடுக்க வேண்டாம், தூரமாவே நில்லுங்க" என்றபடி அழைப்புகளை மாற்றினார்.

மைத்துனனும் சட்டையைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கம் படுத்தான். சின்ன ஜாக்கியால் சட்டத்தை மயிரிழை தூக்குவது, கட்டையைப் பிடுங்குவது, இறக்குவது. ஆறாவது கட்டையில் அவன் வாந்தி எடுத்தான். வாளியில்தான் எடுத்தான், அந்த அளவுக்குப் பொறுப்பானவன். எட்டும் வந்ததும் எழுந்து ரேக்கை விரலால் தள்ளினேன். ஆடியது. அவன் பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்தான்.

"விடு, மச்சான். ஆடட்டும்."

பக்கத்து மனையில் இன்னொரு அடி அடிக்கச் சொன்னோம். தரையில் ஒரு டம்ளர் தண்ணீர், ரேக்குமேல் ஒரு டம்ளர். சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. தரையிலிருந்த தண்ணீர் துள்ளிச் சிதறியது. ரேக்குமேல் இருந்தது சாவகாசமாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து நின்றது. ஒரு விளக்குகூடப் புதிதாகச் சிவப்பாகவில்லை. பத்து அடி அடிக்கச் சொன்னேன். பத்துக்கும் அப்படியே. சற்று நேரத்தில் ஹாலிலிருந்து அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது: "சொல்லுங்க, எந்தத் தெரு? மூச்சு இருக்கா?"

ஐந்துக்குப் பத்து நிமிஷம். ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறியது. அந்தக் கையோடு படிவத்தை எடுத்தேன்.

"இப்பதான் சரியாயிடுச்சே" என்றான் அவன். "தாங்கும்னு மட்டும் எழுதுங்களேன். நம்ம ரெண்டு பேரு வேலையும் தப்பிக்கும்."

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் படிவத்தில் கட்டம் இருந்தது. எழுதினேன்: தாங்கும். பேனாவிலும் நாற்றம் ஏறியிருந்தது. முதலாளியின் குரல் காதிலேயே இருந்தது. அந்த அம்மாள் இரண்டாம் தடவை எண்களை அழுத்த வேண்டியிருந்தது என்ற நினைப்பும் போகவில்லை.

தாளைத் திருப்பினேன். சென்ற ஆய்வில் தரைப் பலகையைத் திறந்து பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்று எழுதினேன். இனி ஆய்வு செய்ய என்னை அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. கட்டைகள் வைக்கப்பட்ட காரணத்தையும், வைத்தவருக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை என்பதையும் எழுதினேன். மைத்துனன் தோளுக்குமேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"என் பேரையும் போட்டுடுங்க, மாமா. இல்லன்னா அக்கா கேப்பா."

போட்டேன். கட்டைகளையும் ரப்பர்த் துண்டுகளையும் ஒரு பையில் கட்டி, சான்றாக இணைத்தேன். செருப்பு யாருடையது என்று படிவத்தில் எங்கும் கேட்கவில்லை. அதையும் எழுதினேன்.