பதிமூன்று மில்லிமீட்டர்

"உங்களுக்குக் கவலையே வேண்டாம். ரொம்பச் சாதாரணமான இதயம். வாழ்க்கையில ஓடியே பார்க்காதவங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு" என்றார் டாக்டரம்மா.

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பார்சல் பிரிக்கும் கிடங்கில் எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டு, மழை வெயில் பாராமல் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவள் அவள். ஒரு நாள்கூடப் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில்லை என்பதால் மைதானத்தில் அவளுக்குக் கடிகாரம் என்றே பெயர்.

அதைச் சொன்னபோது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நெடுந்தூரம் ஓட ஓட இதயம் பெருத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளப் பழகிக்கொள்ளும். ஆனால் எல்லா உடம்பும் அப்படிப் பழகுவதில்லை. ஒரே பயிற்சியில் ஒருத்தி பூரித்து நிற்பாள். இன்னொருத்தியின் உடம்பு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அதில் பாதி பெற்றவர்களிடமிருந்து வருவது.

"உங்க தங்கச்சிக்கு அது தாராளமா வந்திருக்கு. தாராளமா வந்ததுதான் இப்ப பிரச்சினையே."

தங்கை ஓட வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வீட்டில் பொழுது போகவில்லை என்று அக்காவோடு மைதானத்துக்கு வந்தவள், எட்டாவது மாதமே அக்காவை முந்தினாள். வாரத்தில் இரண்டு நாள் தூங்கிவிடுவாள். கோச் திட்டமாட்டார், சிரிப்பார். பத்தாயிரம் மீட்டர் அணியில் நான்கு பேருக்குத்தான் இடம். தங்கை முதலாவது, அக்கா ஐந்தாவது.

அணிக்குப் போகுமுன் எல்லோருக்கும் இதயப் பரிசோதனை உண்டு. அதில்தான் தங்கையின் இதயச் சுவர் பதிமூன்று மில்லிமீட்டர் என்று தெரிந்தது. பெண்களுக்கு அது அதிகம். பயிற்சியாலும் தடித்திருக்கலாம், பரம்பரை நோயாகவும் இருக்கலாம். அவர்களுடைய அப்பா சுமை தூக்குபவர். நாற்பத்திரண்டு வயதில் லாரியின் பக்கத்திலேயே விழுந்து செத்தார். ஏனென்று அன்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அக்காவையும் கூப்பிட்டு இதயத்தைப் படம் எடுத்தார்கள். தங்கையின் ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது என்றார் டாக்டரம்மா.

பிறகு தங்கையை உள்ளே அழைத்து, செய்ய வேண்டியதைச் சொன்னார். மூன்று மாதம் ஓடக் கூடாது. பயிற்சியால் தடித்த சுவர் என்றால் ஓய்வில் மெலிந்துவிடும். மெலியாவிட்டால் அது நோய். நோயோடு ஓடினால் எந்த நிமிஷமும் இதயம் நின்றுபோகலாம். தங்கை 'மூன்று மாதம்' என்பதோடு அழத் தொடங்கிவிட்டாள். மீதி எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அக்கா முழுவதையும் கேட்டாள். வாராவாரம் 'ஓடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டையும் அக்காவிடமே கொடுத்தார்கள்.

ஒன்பது நாள் தங்கை அடங்கிக் கிடந்தாள். பத்தாம் நாள் விடியுமுன் எழுந்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினாள். ஒரே அறையில் படுப்பவர்கள். அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து முதுகெல்லாம் நனைந்து திரும்பி வந்த தங்கை, அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா. டாக்டர்கிட்டயும் வேண்டாம். மூணு மாசம் சும்மா இருந்தா எனக்கு வேகமே போயிடும்."

"நான் தூங்கிட்டிருந்தேன். எதையும் பார்க்கல" என்றாள் அக்கா.

தங்கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈரம் அக்காவின் சட்டையிலும் ஒட்டியது. அதற்குப் பிறகு தினமும் நடந்தது. அக்கா பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு கையெழுத்துப் போட்டாள். முதல் பொய்க் கையெழுத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். அப்புறம் பழகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். அதே பதிமூன்று. ஓய்விலும் மெலியவில்லை, அப்பாவின் நோயாகத்தான் இருக்க வேண்டும், இனிமேல் ஓட்டப் பேச்சே கூடாது என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் தங்கைக்கு விஷயம் உறைத்தது.

"டாக்டர், நான் தினமும் ஓடினேன். ஓய்வே எடுக்கல. அக்காவைக் கேளுங்க."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு அக்காவைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள், நிம்மதியோடு.

"இல்ல டாக்டர். அவ எங்கேயும் போகல" என்றாள் அக்கா.

தடை விழும்போது எல்லோரும் சொல்வதைத்தான் இவளும் சொல்கிறாள் என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டார். அந்த வாரமே தங்கையின் பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினார்கள். அக்கா அணியின் உடையில் ஓடினாள். முதல் நான்கு பேரும் அவளை ஒரு சுற்று முந்திப் போனார்கள். கடைசியாக வந்தாள்.

வீட்டில் தங்கை அவளோடு பேசுவதை நிறுத்தினாள். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து காரணம் கேட்டுப் பார்த்தாள். இருவருமே வாய் திறக்கவில்லை. கணவனைப் பறிகொடுத்தவள், இளைய மகளை மாடிப்படிகூட வேகமாக ஏறவிடவில்லை. தங்கையும் மெல்ல மெல்ல அந்தப் பயத்துக்குள் போனாள். உட்கார்ந்த இடத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவாள். ஓட்டத்தை அறவே விட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, அம்மா கட்டாயப்படுத்தியதால் இன்னொரு தடவை படம் எடுத்தார்கள். ஒன்பது மில்லிமீட்டர். டாக்டரம்மா தன் அறையிலேயே எழுந்து நின்று, அன்று நம்பாததற்காகத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். அது நோயில்லை, நல்ல இதயம், தாராளமாக ஓடலாம் என்றார்.

மறுநாள் தங்கை மைதானத்துக்குப் போனாள். அரைச் சுற்றில் இதயம் படபடத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு வாரம் முயன்றாள். ஒரு சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஒன்றுமில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் நெஞ்சு நம்பவில்லை. அதோடு போவதை நிறுத்தினாள்.

நிறுத்திய அன்று மத்தியானம் அக்கா சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அக்காவோடு பேசியது அன்றுதான்.

"எனக்கு நோய் இல்லன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது" என்றாள் அக்கா அவசரமாக. அது உண்மைதான். அந்த ஒரு உண்மையாவது தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தாள்.

தங்கை அடுத்ததைக் கேட்டாள்.

"அப்போ, நோய் இருந்தாலும் இருக்கும்னு தெரிஞ்சேதானே தினமும் என்னை ஓடவிட்டே?"

தங்கை எழுந்து, அம்மா ஏதாவது கேட்குமுன் தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.