பூசைக்குக் கொடுக்காத பெயர்

மாம்புரியில் அனஸ்தாசியாவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லாத ஆள் குறைவு. சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கண்டதைத்தானே சொன்னார்கள். நாங்கள் கார்த்திகை என்கிற நவம்பர் பிறந்தால் எங்கள் வேதக்காரர் எல்லோரும் சேமக்காலையில்தான் நிற்பார்கள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மெழுகுதிரி கொளுத்துவார்கள், பாவக்கறை தீருமட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற தங்கள் ஆத்துமாக்கள் கெதியில் மோட்சம் சேரப் பூசைக்குப் பெயர் கொடுப்பார்கள். தாய் தகப்பன் பெயரைக் கொடுக்கிற அனஸ்தாசியா, கடலில் செத்த புருசன் பிலேந்திரனின் பெயரை மட்டும் ஒரு வருடமும் கொடுக்காமலே இருந்தாள். அவன் கல்லறைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். குடிகாரனை இன்னும் மன்னிக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மன்னிப்பாவது! அவனுக்காக அவள் அழாத நாளில்லை. உள்ளே கிடந்ததை வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. குடியைப் பற்றித்தான் அன்றும் இருவருக்கும் வாய்த்தர்க்கம். "இனி இந்த வாசல் மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பிலேந்திரன் தனியாகப் போட்டைத் தள்ளிக்கொண்டு போனான். பிறகு பிணமாகத்தான் கரை ஒதுங்கினான். குடிவெறியில் தவறி விழுந்திருப்பான் என்றார்கள். பங்குச் சுவாமியும் அதை நம்பிச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்.

ஆனால் அலுமாரிக் கைப்பிடியில் அவனுடைய உத்தரியம் தொங்கியதை அனஸ்தாசியா கண்டிருந்தாள். மாதா படம் தைத்த அந்தத் துணித்துண்டைக் கழுத்தில் போடாமல் எங்கள் ஆட்கள் கடலில் இறங்குவதில்லை. அதோடு செத்தவன் நித்திய நெருப்பைக் காணான் என்பது மாதா கொடுத்த வாக்கு. குளிக்கும்போதுகூடக் கழற்றாதவன் அன்று கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? சாகத்தான் போனான், சாவான பாவத்தோடு போனான், ஆகவே நரகத்தில்தான் கிடக்கிறான். நரகத்தில் விழுந்தவனுக்கு ஆயிரம் பூசை வைத்தாலும் பிரயோசனமில்லை என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்திருந்தாள். வாயைத் திறந்தால் அவனைத் தோண்டி வேலிக்கு வெளியே போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. உத்தரியத்தைச் சேலைகளுக்கடியில் ஒளித்து வைத்தாள். பூசைக்குப் பெயர் கொடுத்துக் கடவுளிடமும் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றை நம்பினால் நம்பினதுதான், அப்படிப்பட்ட பிடிவாதக்காரி.

போன கார்த்திகைக்குச் சற்று முந்தித் தியானம் கொடுக்க வெளியூர்ச் சுவாமி ஒருவர் வந்தார். தற்கொலை செய்தவர்களுக்காகவும் மன்றாடுங்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்ததும் அனஸ்தாசியா பங்குமனைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நரகம் இருக்குது, அம்மா. ஆனா இன்னார் அங்க இருக்கிறார் எண்டு திருச்சபை ஒருத்தற்ற பேரையும் சொன்னதில்ல," என்றார் சுவாமி. "தண்ணிக்குள்ள போன பிறகு அவர் என்ன நினைச்சாரோ, ஆரைக் கூப்பிட்டாரோ, அது கடவுளுக்குத்தான் தெரியும். நீங்கள் தாராளமாப் பூசை வைக்கலாம்."

சந்தோசப்பட வேண்டியவளுக்கு அங்கேதான் புதுப் பயம் பிடித்தது.

"அப்ப அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில இருந்திருக்கலாமோ, சுவாமி?"

"ஓம், இருந்திருக்கலாம்."

"நாங்க செபிப்பம், செபிப்பம் எண்டு பாத்துக்கொண்டு?"

சுவாமிக்கு அப்போதுதான் விளங்கியது. "கடவுளுக்கு எங்களைப்போலக் காலம் இல்ல, அம்மா. இண்டைக்கு நீங்கள் செய்யிற செபத்தை அவர் அண்டைக்கே கேட்டிருப்பார்," என்றார். நல்ல மனுசன். ஆனால் அது அவள் காதில் ஏறவில்லை.

"கார்த்திகைக்குக் கார்த்திகை மத்த ஆத்துமாக்களின்ட பேரை வாசிக்கேக்க, தன்ட பேரும் வருமெண்டு நிண்டிருப்பார். கடவுள் தீர்ப்புச் சொல்ல முந்தி நான் சொல்லிப்போட்டன், சுவாமி."

ஆத்துமாக்கள் திருநாளன்று பிலேந்திரனின் பெயர் முதன்முதலாகக் கோவிலில் கேட்டது. "கடைசியில மனம் இரங்கிட்டாள்," என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். அவள் திரும்பவில்லை. மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு நடந்தாள்.

வழியில் நஸீம் நானா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, பிலேந்திரனோடு ஒரே போட்டில் தொழில் செய்தவர். அவள் கையில் மெழுகுதிரியைக் கண்டு அவர் ஆச்சரியமாகப் பார்க்க, அவளுக்கு அழுகை பீறிட்டது.

"அவருக்கு ஒரு செபமும் செய்யாம விட்டுட்டன், நானா. கேக்க ஒருத்தரும் இல்லாம அந்த நெருப்பில கிடந்திருப்பார்."

நானா வலையைக் கீழே வைத்தார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லாத, தங்கச்சி. ஜும்ஆவுக்குப் போனா வாப்பா உம்மாவுக்குக் கேக்கிறதோட அவனுக்கும் சேத்துத்தான் துஆ கேக்கிறன். அவன் மௌத்தான நாளிலயிருந்து. வேற வேதக்காரனுக்குக் கேக்கக் கூடுமோ கூடாதோ தெரியா. மௌலவியிட்டக் கேட்டாக் கூடாதெண்டு சொல்லிப்போடுவார் எண்டு பயம். அதால கேக்கல்ல."

அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது அனஸ்தாசியாவுக்கு. பிலேந்திரன் அநாதையாகக் கிடக்கவில்லை. அந்த ஆறுதலுக்குப் பின்னாலேயே வந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நானும் சுவாமிமாரிட்டக் கேக்கப் பயந்துதான் இருந்தன், நானா," என்றாள். "ஆனா நான் அவரைக் கைவிட்டுட்டன்."