எல்லா இடத்திலும் ஒன்றரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, திருப்பதியில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

வீட்டுக்காரர் சாரங்கபாணி. அண்ணன் தம்பிகளெல்லாம் கோயில் கைங்கரியத்துக்குப் போக, இவர் மட்டும் கடற்படைக்குப் போய் முப்பது வருடம் கப்பல் தச்சராக இருந்துவிட்டு வந்தவர்.

அவர் மனைவி வஸுமதி. கணவர் யாரையாவது திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவது அவர் வழக்கம். அந்த வீட்டில் அவரைக்காய் நிறைய செலவாகும்.

ஜெயச்சந்திரன். சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் கூழின் இனிப்பை அளந்து எழுதும் உத்தியோகம். நடந்ததெல்லாம் இவனால்தான்.

பாலையா. ஜெயச்சந்திரனின் மனைவி ரோஜாவுக்கு அண்ணன். நகரியில் தறிப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறவர்.

டீப்பாய் மேல், குளியல் துண்டு போர்த்தி, ஒரு போர்க்கப்பலின் உடல். பீரங்கி, புகைபோக்கி எதுவும் இன்னும் வைக்கவில்லை. நீளம் இரண்டடி.

ஊர்ப்பக்கத்து ஆற்றின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் ஜெயச்சந்திரனுக்கு இந்த வியாதி பிடித்தது. ‘சுவர்ணமுகி’. ஆற்றில் மணல்தான் ஓடியது. பெயர் மட்டும் கடலுக்குப் போயிருந்தது. கப்பலை உடைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதை நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சின்னதாக்கிக் கட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தான்.

கட்டுவதற்கு வரைபடம் வேண்டும். இண்டர்நெட்டில் மூன்று கிடைத்தன. முதல் படத்தில் இரண்டு புகைபோக்கி இருந்தது, இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது, இரண்டாவதையே யாரோ பார்த்து வரைந்தது. வரைந்தவனுக்குப் பாதியில் அலுத்துவிட்டதால் பின்பக்கம் சொந்தக் கற்பனை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கப்பல் கட்டினான். கட்டி முடித்து, மாடல் கட்டுகிறவர்களின் குழுவில் ஃபோட்டோ போட்டான். ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் கீழே திருப்பதியிலிருந்து ஒரே ஆள், ஒரே சொல் எழுதினார்: “தப்பு.”

மூன்றாவது முறை ஜெயச்சந்திரன் பொறுக்க முடியாமல் கேட்டான்: “எது சார் தப்பு?”

“எல்லாம்.”

அப்படித்தான் சாரங்கபாணி பழக்கமானார். அவரிடம் சுவர்ணமுகியின் நிஜப் படங்களே இருந்தன. கப்பலைக் கட்டியவர்கள் வரைந்தது. உடைக்கும்போது குப்பைக்குப் போக இருந்ததை எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். அனுமதி கொடுத்த கடிதத்தை லாமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். ஆனால் அந்தப் படங்களை யாருக்கும் காட்டுவதில்லை. கெஞ்சிக் கேட்டதில், உள்ளங்கை அளவில் ஒரு ஃபோட்டோ அனுப்பினார்: கப்பல் உடலின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவங்கள் ஏழு.

“இதை வெச்சுண்டு உடம்பை மட்டும் பண்ணி எடுத்துண்டு வாங்கோ. கை எப்படின்னு பாக்கறேன். சரியா இருந்தா மத்ததைப் பத்திப் பேசலாம்.”

இதை ரோஜாவிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் தையல் மிஷினில் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் பிளவுஸ் தைக்கிறாள். இடமில்லாமல் அடுப்படியில் தைத்து, பிளவுஸ் எல்லாம் தாளிப்பு வாசம் அடிக்கிறது என்று புகார். வீட்டில் இருந்த ஒரே உபரி அறையில் மூன்று தப்பான கப்பல்கள் நின்றன.

“மூணு கட்டுன, மூணும் தப்பு. இந்தத் திருப்பதி ஆளு நேர்லயும் தப்புன்னு சொல்லிட்டார்னா, அந்த ரூமுல என் மிஷினைப் போட்டுக்குவேன். இன்னா சொல்ற?”

“சரி” என்றான். அவள் பக்கம் நியாயம் இருந்ததுதான் எரிச்சல்.

உள்ளங்கைப் படத்தை இரண்டடிக்குப் பெரிதாக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரன் ஆறு தடவை முயன்று ஆறு விதமான கப்பல் கொடுத்தான். அப்போதுதான் மச்சான் ஞாபகம் வந்தது.

“கட்டம் போட்டுப் பெருசாக்கறதுதானே மாப்ளே என் பொழப்பே? இருவத்திரண்டு வருசத்துல ஒரு கட்டம் தப்புனதில்ல” என்றார் பாலையா.

நாலு நாளில் கட்டத்தாளில் வரைந்து சுருட்டிக் கொடுத்தனுப்பினார். மயிரிழை பிசகாத கோடுகள். உலகத்தில் எவன் வரைந்த படத்தையும் நம்பாத ஜெயச்சந்திரன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். மச்சான் அல்லவா. ப்ளைவுட்டில் ஏழு துண்டு வெட்டி, மாம்பழப் பெட்டிப் பலகையைச் சீவி ஒட்டி, ஐந்து மாதம் தேய்த்தான். முடிந்ததும் பார்த்தால் கப்பல் கொஞ்சம் திடகாத்திரமாக இருந்தது.

“இன்னா இது, மாசமா இருக்குதா?” என்றாள் ரோஜா.

“போர்க்கப்பல்னா அப்டித்தான் இருக்கும்.”

பஸ்ஸில் துண்டு போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். திருப்பதி போகிற பஸ்ஸில் போர்த்திய பொருள் என்றால் சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்து சீட் அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்டக்டரும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, “லக்கேஜ் டிக்கெட் தீஸ்கோ சாமி” என்று டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். பாலையா நகரியிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டார். தன் படத்துக்குக் கிடைக்கப்போகும் பாராட்டை நேரில் கேட்க வேண்டும் என்று சலவைச் சட்டை போட்டிருந்தார்.

இனி கூடம்.

ஜெயச்சந்திரன் துண்டை எடுத்தான். அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

“ஏன்னா, இது மிதக்குமோ?” என்றார் வஸுமதி.

“கவுந்துடும்” என்றார் சாரங்கபாணி.

மூக்குக் கண்ணாடியை மாற்றினார். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீளம் அளந்தார். சரி. அகலம் அளந்தார். சரி. உயரம் அளந்தார். நாற்பத்தொன்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது எழுபத்து மூன்று இருந்தது. ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“தப்பு.”

நேரில் கேட்டால் அந்தச் சொல் இன்னும் சின்னதாக இருந்தது. ஜெயச்சந்திரனின் ஃபோன் அடித்தது. ரோஜா. எடுக்காமல் இருந்திருக்கலாம். ஐந்து வருடமாகக் கூழின் இனிப்பை உள்ளது உள்ளபடி எழுதிப் பழகியவன், எடுத்துவிட்டான்.

“இன்னா சொன்னாரு?”

“தப்புன்னுட்டாரு.”

“அப்ப ரூமு?”

“எடுத்துக்கோ.”

“சரி, துன்னுட்டு வா. வெறும் வயித்தோட பஸ் ஏறாத” என்று வைத்துவிட்டாள். குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

ஜெயச்சந்திரன் துண்டை எடுத்துக் கப்பலை மூடப்போனான்.

“இருங்கோ” என்றார் சாரங்கபாணி. அவர் இன்னும் விடவில்லை. கப்பலின் மூக்கில் அளந்தார், நடுவில் அளந்தார், வாலில் அளந்தார். ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். “ஒன்றரை. இங்கேயும் ஒன்றரை. இங்கேயும் ஒன்றரை. தப்பு பண்றவன் ஒரு எடத்துல ஒரு மாதிரி, இன்னொரு எடத்துல வேற மாதிரி பண்ணுவான். இது எல்லா எடத்துலயும் ஒரே ஒன்றரை. யார் படம் பெருசு பண்ணினா?”

பாலையா எழுந்து நின்றார். “நான்தான் சாமி. என் கட்டம் தப்பாது.”

ஜெயச்சந்திரனின் பையிலிருந்து தாளை உருவி விரித்தார். சாரங்கபாணி லென்ஸை வைத்துப் பார்த்தார். “குறுக்கால ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கேள். ஒசரத்துல மட்டும் ஏன் ஒண்ணுக்கு ஒன்றரை?”

“அப்டித்தானே போடணும்?” பாலையாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “தறியில ஊடை நூலைக் குறுக்கால அடிக்கச் சொல்லோ நெருக்கமா விழும் சாமி. உருவம் அமுங்கிடும். தாள்ல யானை ஒன்றரை மடங்கு ஒசரமா நின்னாத்தான் முந்தானையில யானை யானையா வரும்.”

“இது கப்பலாச்சே.”

“யானையோ கப்பலோ, கணக்கு ஒண்ணுதான?”

“இதை யாரும் நெய்யப்போறதில்லையே, ஸ்வாமி.”

பாலையா தாளைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், சலவைச் சட்டையின் பட்டனைத் திருகினார். ஆனாலும் தொழில்காரன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பானா? “நெய்ஞ்சு பாருங்க” என்றார் உறுதியாக. “கரெக்டா வரும்.”

வஸுமதி அவரைக்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஜெயச்சந்திரன் மச்சானைப் பார்த்த பார்வையில் ஐந்து மாதத் தேய்ப்பும் இருந்தது.

“மச்சான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா மாப்ளே?”

சாரங்கபாணி கப்பலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் ஒட்டுகளைத் தடவினார்.

“குடுத்த படத்துலேர்ந்து நீங்க அரை மில்லி நகரலை” என்றார் ஜெயச்சந்திரனிடம். “இவ்ளோ அசிங்கமா இருக்கே, கொஞ்சம் சீவிடலாம்னு கை துடிச்சிருக்குமே?”

“துடிச்சுது சார். ஆனா படத்துல அப்டி இல்லியே.”

“இருபது பேர் வந்துட்டா இங்க. எல்லாரும் படத்தைத் திருத்தினவா. கண்ணுக்கு அழகா இருக்கும்னு.” அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். “வாங்கோ.”

உள்ளறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, மூலையில் ஆறு நீளக் குழாய்கள். குழாய்களுக்குள் சுவர்ணமுகி.

“ட்ரேஸிங் தாள் நான் தரேன். பென்சில் நான் தரேன். கையால எடுத்துக்கோங்கோ. ஃபோனை இப்படிக் குடுங்கோ.”

“வெளிய ஜெராக்ஸ் எடுத்துக்கினு ஒரு மணி நேரத்துல…”

“போன தடவை ஒருத்தர் அப்படித்தான் ஒரு குழாயை எடுத்துண்டு போனார்.”

“இன்னும் வரலை” என்றார் கூடத்திலிருந்து வஸுமதி. “ஒம்பது வருஷமாச்சு.”

“அதனால இப்போ பூட்டிடறது. அஞ்சு மணிக்குத் தொறப்பேன். தளிகை அதுக்கப்புறம். சாப்பிட்ட எண்ணெய்க் கையோட தொடக் கூடாது.”

ஜெயச்சந்திரன் ஃபோனைக் கொடுத்தான். முதல் குழாயின் மூடியைத் திருகித் தாளை உருவினான். மேஜை கொள்ளாமல் தரை வரை விரிந்தது. ஒரே ஒரு புகைபோக்கி, அதுவும் அவன் மூன்று கப்பலிலும் வைத்த இடத்தில் இல்லை. எல்லாம் தப்பு என்று அந்த ஆள் சொன்னது முழு உண்மை. அவனுக்கு அசட்டுத்தனமாகச் சந்தோஷம் வந்தது.

வெளியே அவன் ஃபோன் அடித்தது. பாலையா எடுத்துப் பேசிவிட்டு அறை வாசலில் தலையை நீட்டினார்.

“மாப்ளே, தங்கச்சி மிஷினை உள்ள தூக்க ஆள் கூட்டினு வந்துட்டாளாம். அந்த மூணு கப்பலை இன்னா பண்றதுன்னு கேக்கறா. ‘இரு, வரைபடம் கெடைச்சுட்டுது’ன்னு சொல்லட்டுமா? ரூமை விடச் சொல்லட்டுமா?”

ஜெயச்சந்திரன் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். தவிர, அந்த ஆறு குழாயை முடிக்கவே பத்து ஞாயிற்றுக்கிழமை ஆகும். கட்டுவதற்கு இடம் அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

“மிஷினைப் போட்டுக்கச் சொல்லு மச்சான். கப்பல் மூணும் பரண்ல போவட்டும்.”

“கோபமா மாப்ளே எம்மேல?”

“கதவை மறைக்காத, வெளிச்சம் வரல.”

சாரங்கபாணி பாலையாவின் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார். “நீங்க கூடத்துல இருங்கோ. உங்க கை உள்ளே வரக் கூடாது” என்றார். கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.