மூன்றாவது போல்ட்டு

தம்பையாவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சந்தில் எலி வேண்டுமானால் நுழையலாம்; முப்பது வருஷம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை நுழையுமா? தண்ணீர் ஒழுகிப் பழுதான வாட்டர் பம்புக்கு மூன்று போல்ட்டு. மேலே இருந்த இரண்டும் மரியாதையாகக் கழன்று வந்தன. மூன்றாவது பம்புக்குப் பின்னால், கண்ணுக்கும் தெரியாமல் ஸ்பேனருக்கும் அகப்படாமல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இந்தக் காரைச் செய்து பூட்டியவன், இதை ஒருநாள் எவனாவது கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவி லெச்சுமி பதுளை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கிட்னி இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். போன வாரம் இந்தக் கார் சதி செய்து ஒரு நாள் தவறியதற்கே கால் வீங்கி, மூச்சு வாங்கி, மனுஷி உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தாள். இன்னொரு தடவை தவறினால் தாங்காது என்று நர்ஸம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இப்போது பார்த்துச் சித்திரை வருஷப் பிறப்பு லீவு. பஸ் இல்லை. மெக்கானிக் பாஸ்மார் கராஜைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஓட்டோ இரண்டும் வெலிமடைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில். பூட்டப்போன உதிரிப்பாகக் கடையை மறுபடி திறந்து இத்ரூஸ் நானா புதுப் பம்பை எடுத்துத் தந்ததே பெரிய புண்ணியம்.

"பின்னுக்கு இருக்கிற போல்ட்டு கவனம் தம்பையா. அது உள்ளுக்கு ஒடஞ்சா, கராஜ் தொறக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்ய ஏலாது" என்று பம்பைத் தரும்போதே சொல்லியிருந்தார் நானா.

அது இப்படி இறுகிக் கிடப்பதற்கும் தம்பையாவேதான் காரணம். தோட்டத்து ரோட்டில் ஒரு மாசம் ஓடினால் எந்த போல்ட்டும் ஆட ஆரம்பித்துவிடும். அந்தப் பயத்தில், போன வருஷம் எஞ்சினை வெளியே இறக்கியிருந்தபோது, ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் செருகித் தொங்கித் தொங்கி இறுக்கினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"ஏங்க, நா ஒருக்கா பாக்கட்டுமா?" லெச்சுமி வாசலில் நின்றாள்.

"நீ போய்ப் படு."

"படுத்தா மூச்சு முட்டுது. தள்ளுங்க."

மெஷினுக்காக ஊசி போடுகிற இடக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலக்கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை தடையில்லாமல் போனது. தம்பையாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ தேயிலைக் கொழுந்து பறித்த கை. அது இந்தச் சந்துக்குள் போகிற அளவுக்கு மெலிந்துவிட்டதே.

கண்ணை மூடி விரல் நுனியால் தேடினாள். "இருக்கு. ஆறு மூலையும் தட்டுப்படுது. ஸ்பேனரக் குடுங்க." கொஞ்ச நேரம் தடவினாள். "உக்காந்துருச்சு. புடிச்சிக்கிறேன், இழுங்க."

தம்பையா கீழே படுத்து, அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி இழுத்தார். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். நானா சொன்னது காதில் கேட்டது. விட்டுவிடலாமா? விட்டால் காலையில் எதில் போவது? தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை இழுத்தார்.

டக்கென்றது. குழாய் லேசாகிவிட்டது.

"வந்துருச்சுங்க!" அவள் குரலில் இப்படியொரு தெம்பைக் கேட்டு மாசக்கணக்காகிறது. விரலில் வந்ததைப் பத்திரமாக வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். போல்ட்டின் தலை, அதோடு நகமளவு தண்டு. உடைந்த இடம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"இது ஏன் இம்புட்டுக் குட்டையா இருக்கு? மத்தது ரெண்டும் நீட்டமா இருக்கே."

"அது அப்படித்தான். பின்னால உள்ளது குட்டை."

நம்பிவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நாலரைக்கு எழும்பினாப் போதும். ரொட்டி சுட்டு எடுத்துக்குவோம். கதவு தெறந்தே கெடக்கட்டும், நீங்க வேல செய்ற சத்தம் கேட்டா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பையா காருக்கு அடியிலேயே கிடந்தார். மிச்சத் தண்டு எஞ்சினுக்குள் இருந்தது. பிடித்துத் திருக ஒன்றுமில்லை; புதுப் பம்பைப் பூட்ட வழியுமில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"இந்தா, புதுப் பம்பப் பூட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஸ்பேனரை எடுத்து, எதிலும் மாட்டாமல், இரும்பில் தட்டினார். இறுக்குவதுபோல் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மறுபடி தட்டினார்.