டெல்மிராவின் பெல்ட்டுகள்

ரேஸ் காருக்குள் பெல்ட்டுகளை ஒழுங்காக வைப்பதில் டெல்மிராவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. ஓட்டுபவர் மாறும் அவசரத்தில் இவற்றில் ஒன்று கண்ணில் படாமல் போனாலும் கெட்டது கதை. அதனால் பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி, காரின் பாதுகாப்புக் கூண்டுக் கம்பிகளில் கட்டி, பெல்ட்டுகளை விரித்தே மாட்டி வைத்திருந்தாள். உட்கார்ந்தால் போதும், எல்லாம் கைக்கு வந்துவிடும். அண்ணன் அன்செல்மோ அதைத் தானே கண்டுபிடித்ததுபோல் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அன்று நீண்ட தூர ரேஸ். முதல் பாதி டெல்மிரா, மறுபாதி அன்செல்மோவின் மச்சான் ஒவிடியோ. மாலை பஸ்ஸில் அவள் கோர்தொபா நகரத்துக்குப் போக வேண்டும். மறுநாள் காலை அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர வேண்டும். "இந்த ரேஸ் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காக அவளைப் பிடித்து வைத்திருந்த அண்ணன், இந்தத் தடவை பாதியோடு விட்டுவிடுவதாக லூஹான் மாதா மேல் சத்தியம் செய்திருந்தான்.

பாதி முடிந்து, கார்கள் நின்று பெட்ரோல் போடும் பிட்டுக்குள் வந்ததும், பெல்ட்டுகள் சேரும் பக்கிளைத் திருகிக் கழற்றி, பெல்ட்டுகளை வளையங்களில் மாட்டினாள். வெளியே ஒவிடியோ ஹெல்மெட்கூடப் போடாமல் முழித்துக்கொண்டு நின்றான்.

அன்செல்மோ ஜன்னலுக்குள் தலையை விட்டான். "ரெண்டாவது இடத்துல இருக்கோம். அவன் ஏறினா ஏழாவதுக்குப் போயிடுவோம்."

"அண்ணே, பஸ்ஸு..."

"இன்னும் ஒரு டேங்க் பெட்ரோல், தங்கம். அவ்வளவுதான்."

அவள் வாய் திறப்பதற்குள் ஐந்து பெல்ட்டும் பக்கிளில் உட்கார்ந்துவிட்டன. "பாத்தியா, கண்ணை மூடிக்கிட்டே மாட்டலாம். யாரு செஞ்சது!" என்று சிரித்தான். தோள்பட்டை நசுங்கும்படி இழுத்து இறுக்கினான்.

அந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; வெயிலில் காருக்குள் மூச்சு முட்டியது. பின்புற வளைவில் நெடுஞ்சாலை தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது, துடைக்கவும் முடியவில்லை. வழியில் நிறுத்தினால் ஒவிடியோவின் ரேஸும் போய்விடும். பாவம், அவன்மேல் அவளுக்கு என்ன கோபம்?

பெட்ரோல் தீரும் நேரம் ரேடியோவில் அன்செல்மோ குழைந்தான். "உள்ள வா ராசாத்தி. பெட்ரோல் ஊத்திடுறோம். நீ இறங்க வேணாம்."

அவன் தன்னை விடவே போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிட்டில் கார் நின்றதும் பக்கிளைத் திருகினாள். லேசாக எழும்பி, பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தனக்கு அடியில் திணித்து, முழு எடையையும் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தாள். பெட்ரோல் ஊற்றி முடித்ததும் அன்செல்மோவின் கை உள்ளே வந்து துழாவியது.

"பெல்ட்டு எங்கடி?"

"எனக்கு அடியில."

"விளையாடாத, எடு!"

"நீயே எடுத்துக்க."

இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பெல்ட் இல்லாமல் விடமாட்டேன் என்பதுபோல் ரேஸ் அதிகாரி காருக்கு முன்னால் வந்து கையைக் காட்டி நின்றார். பின்னால் இருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முந்திப் போயின. ஒவிடியோ சத்தமில்லாமல் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அன்செல்மோ ஓட்டப்பாதையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது, மானம் போகிறதே என்றா, இவள் போகிறாளே என்றா, அவனுக்கே தெரியாது.

"எந்திரி" என்றான்.

"கேக்கல."

"எந்திரிச்சு வெளிய வா, டெல்மிரா!"

இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவள் எழுந்தாள்.