ஒற்றை இறக்கைப் பல்

மகளின் இரண்டு நல்ல பற்களை ராவப் போகிறார்கள் என்று கேட்டதும் தையல்காரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

மகள் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். பதினெட்டு வயது. முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய பல் அவளுக்கு முளைக்கவே இல்லை. அம்மாவுக்கும் அதே கதைதான். சொத்து பத்து எதுவும் கொடுக்காவிட்டாலும் இதை மட்டும் தவறாமல் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு பக்கப் பல்லையும் ராவி, மூணுக்கும் சேர்த்து கேப் போட்டுடலாம்மா," என்றார் டாக்டர். படிப்பு முடித்து வந்த புதுசு, கோட்டின் மடிப்புகூடக் கலையவில்லை.

"அந்த ரெண்டும் சொத்தையா?"

"இல்ல, நல்ல பல்லுதான்."

"நல்ல பல்லை எதுக்கு ராவணும்? பொய்ப்பல்லு ஒண்ணு செஞ்சு பின்பக்கமா ஒட்டுங்க. எனக்கு அப்படித்தான் ஒட்டினாங்க."

"ஒட்டுப்பல்லு ரெண்டு மூணு வருஷம் தாங்கினாலே பெரிசும்மா."

"என்னோடது பத்தொன்பது வருஷமாச்சு! இவ பொறக்கறதுக்கு முன்னாடி ஒட்டினது."

டாக்டர் நம்பவில்லை. தையல்காரியை வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பல்லிடுக்கில் நூல் விட்டார். அப்புறம் ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா! முன்பல் பக்கம் பிடி விட்டுப்போச்சு. கோரைப்பல்லுல மட்டும்தான் தொங்குது. உங்களுதையும் எடுத்துடணும்."

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "விட்டுப்போச்சா? அந்தப் பக்கம் ஒட்டவே இல்லையே தம்பி!"

ஒட்டிய டாக்டரம்மா அன்று சொன்னது அவளுக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. பொய்ப்பல்லின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தகடு வைத்துப் பக்கத்துப் பற்களின் பின்னால் ஒட்டினால், அந்தப் பல் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசையும். ஒரு பக்கம் சத்தமில்லாமல் விட்டுப்போய் உள்ளே சொத்தை பிடிக்கும். ஒரே இறக்கை என்றால், விட்டால் கையோடு வந்துவிடும், ஒளிவு மறைவு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் கழுத்தில் ஒரு சின்னக் கத்தரி தொங்குகிறது. கடையில் மற்றவர்கள் கடித்துத் துப்பிக்கொண்டே கேலி செய்தாலும் அவள் ஒரு நூலைக் கடித்ததில்லை.

"எல்லாருக்கும் இப்படி நிக்கும்னு சொல்ல முடியாதும்மா. கழண்டுடும்," என்றார் டாக்டர்.

"கழண்டா திரும்ப ஒட்டிக்கலாம். ராவின பல்லை உங்களால திரும்ப ஒட்ட முடியுமா?"

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கையில் எடுத்தார். அவள் விடவில்லை.

"இழுத்துப் பாருங்க. கையோட வந்துட்டா, என் பொண்ணு பல்லை உங்க இஷ்டத்துக்கு ராவிக்கோங்க."

வீறாப்பாகச் சொன்ன பிறகுதான் யோசித்தாள். இத்தனை வருஷம் நின்ற பல் இன்றைக்குப் பார்த்துக் காலை வாரினால்? மகளின் பல் இரண்டும் தன் வாயாலேயே போய்விடுமே! மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். இழுத்தார். தலைதான் கூடவே வந்தது. பல் வரவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நான் இப்படி ஒண்ணு செஞ்சதில்லம்மா. என் வாத்தியார் செய்வார்."

"அப்போ அவருக்குச் சீட்டு எழுதுங்க."

"எழுதுங்க டாக்டர். இங்க நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன்," என்று மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, வாத்தியார் ஒட்டிய புதுப் பல்லைக் கடைக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டே, மகள் சட்டைப் பொத்தானில் நீண்டிருந்த நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். தையல்காரி பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். தன் கழுத்துக் கத்தரியைக் கழற்றி மகள் கழுத்தில் மாட்டினாள்.

"பத்தொன்பது வருஷம் இது கழுத்துல இருக்கணும். நடுவுல கழட்டினே, தொலைச்சுடுவேன்!"

மகள் அந்தக் கத்தரியாலேயே நூலை நறுக்கென்று வெட்டினாள்.

"பத்தொன்பதென்ன, இருபதாக்கிக் காட்டறேன் பாரு!"